மூன்றாவது பெயர்

தோர்ஷாவனில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வரும்.
இரவு பதினொன்றே கால்.
துறைமுகத்தைப் பார்த்த இரண்டாம் மாடியில்
மார்யுன் நாற்பத்தோரு டெஸ்டுகளை
மறுபடியும் ஓட்டினாள்.
அவள் லேப்டாப்பில் எல்லாம் பச்சை.
சர்வரில் ஒன்றே ஒன்று சிவப்பு:
கிளாஸ் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லையாம்.
கண்ணெதிரே கிடக்கிறது.
படகுக் கட்டணம், அதற்குள் குழந்தைக்கு அரை,
ஆட்டுக்கு இவ்வளவு, அடைத்த நாய்க்கு இவ்வளவு.
காலை ஆறே முக்காலுக்கு முதல் படகு.

"நேம்ஸ்பேஸ் பார்த்தாயா?" என்றான் ஹோக்னி,
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே.
பார்த்தாள்.
ஒவ்வொரு சாய்கோட்டையும் நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.
ஆட்டோலோடரின் பட்டியலைக் கலைத்து
திரும்ப எழுதவைத்தாள்.
வெண்டர் ஃபோல்டரையே அழித்தாள்;
அது மீண்டும் இறங்கி முடிக்கும்வரை
காய்ந்த ரொட்டியொன்றைத் தின்றாள்.
சிவப்பு.

ஆட்டோலோடர் ஓர் அப்பாவித் தபால்காரன்.
முகம் பார்க்கத் தெரியாது.
பெயரைப் படிக்கும், பெயரையே வழியாக்கும்,
போய்க் கதவைத் தட்டும்.
கதவு இல்லையென்றால்
அப்படியொரு ஆள் பிறக்கவே இல்லையென்று
எழுதிக் கொடுத்துவிடும்.

பன்னிரண்டரைக்குத்தான் கண்ணில் பட்டது.
ஃபெர்ரியின் முதலெழுத்து
கோடில் பெரியது, ஃபோல்டரில் சின்னது.
லேப்டாப்புக்கு இரண்டும் ஒன்று.
சர்வருக்கு இரண்டும் இரண்டு ஊர்.

இதைத் தமிழில் எழுதும்போது சிரிப்பு வருகிறது.
நம் எழுத்தில் பெரிசும் இல்லை சின்னதும் இல்லை.
ஆனாலும் ஒரு காலை விட்டால்
பால் பல்லாகிவிடும்;
நாமும் ரொம்பப் பேசமுடியாது.

பெயரை மாற்றினாள்.
கிட் அசையவில்லை.
மாற்றம் ஏதும் இல்லை என்றது.
இன்னொரு முறை. இல்லை என்றது.
ஹோக்னி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.
"நேராகப் போனால் அதற்குத் தெரியாது.
சம்பந்தமே இல்லாத பெயர் ஒன்று வை.
கமிட் செய்.
அப்புறம் சரியான பெயருக்கு வா."

என்ன வைப்பது?
விரல்கள் யோசிக்காமல் தட்டின:
மார்யுன்-தற்காலிகம்.
நான்கு நிமிடம் அந்த ஃபோல்டர்
அவளாக இருந்தது.

பிப்ரவரியில் அவன் பெயரை விட்டாள்.
அப்பாவின் பெயருக்குத் திரும்ப
படிவம் வாங்கி வைத்திருக்கிறாள், நிரப்பவில்லை.
தபால்பெட்டியில் கிழித்த இடத்தில் பசை மட்டும்.
மின்சாரக் கட்டண ரசீது இரண்டு முறை
அனுப்பியவர்களிடமே போய்விட்டது.

சரியான பெயர். கமிட்.
சர்வர் எடுத்துக்கொண்டது மூன்று நிமிடம்;
ஜன்னலில் உப்பு வழிந்தது.
நாற்பது. நாற்பத்தொன்று.
"பச்சை" என்றாள்.
ஹோக்னி ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தான்.

விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி வந்து
மேசை இழுப்பறையைக் கிளறினாள்.
வெள்ளை ஒட்டுநாடா, தடித்த பேனா.
இரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கீழே, நனைந்த ஆடுகள்
டிரெய்லருக்குள் நின்றபடியே
படகுக்குக் காத்திருந்தன,
ஒவ்வொன்றின் காதிலும் ஒரு எண்.