மூன்றாவது கம்பி

சோன்சித் துறையில் படகேறும்போதே மழை.
சிலோயேக்காரர்களுக்கு மழை ஒரு செய்தியல்ல.
மழைக்கோட்டைக் கழற்றிக் கருவிப்பெட்டிக்குப் போர்த்தினேன்.
நான் நனையலாம், மல்டிமீட்டர் நனையக் கூடாது.

லெமுய் தீவில் ஒரு மட்டிக்குஞ்சுப் பண்ணை.
தொட்டிக் கொட்டகையில் ஒரு போர்டு, நீரின் சூடு பார்க்கும்.
பம்பு அறையில் இன்னொன்று, கடலைத் திறக்கும், மூடும்.
நடுவே ஒரு பலகைச் சுவர், நாலு மீட்டர் கேபிள்.
மூன்று நாளாகப் பேச்சில்லை.

தொட்டி ரோசமேலின் பொறுப்பு, பம்பு எடெல்மிராவுடையது.
அண்ணன், தங்கை. பத்திரம் ஒன்று.
"பம்பு அறைக்காரியிடம் சொல் நயாதெத்,
கம்பியை அவள்தான் இழுத்திருப்பாள்."
"தொட்டிக்காரரிடம் சொல்,
என் பக்கம் எல்லாம் சரி."
பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடுக்கு.
எல்லாம் எல்லாருக்கும் கேட்டது.
ஆனாலும் நடந்துபோய்ச் சொன்னேன்,
கூலியில் அதுவும் அடக்கம் என்பதுபோல.

முதல் தப்பு பார்த்ததுமே தெரிந்தது:
வாயோடு வாயையும்
காதோடு காதையும் கட்டியிருந்தார்கள்.
குறுக்கே மாற்றினேன், இதன் டிஎக்ஸ் அதன் ஆர்எக்ஸுக்கு.
இடுக்கு வழியாக யுஎஸ்பி நுழைத்து
இரண்டையும் என் லேப்டாப்பில் மாட்டினேன்.
திரையில் குப்பை: கட்டங்கள், கீறல்கள்,
கேள்வியே இல்லாத தலைகீழ்க் கேள்விக்குறிகள்.
ஒன்று 9600இல் நிதானமாகச் சொல்ல
மற்றது 1,15,200இல் அவசரமாய்க் கேட்டு
ஓரெழுத்தை நாலைந்தாக்கிக்கொண்டிருந்தது.
வேகத்தைக் குறைத்தேன்.

சூடு 14.2
திற
திறந்தேன்
சூடு 14.1

ரோசமேல் தொப்பியைக் கழற்றினார்.
சுவருக்கு அப்பால் பம்பு உறுமியது.
யுஎஸ்பிகளை உருவிப் பெட்டியை மூடினேன்.
பம்பு நின்றது.

மாட்டினால் பேச்சு. எடுத்தால் மௌனம்.
ஒன்றை மட்டும் மாட்டினால் அப்போதும் மௌனம்.
ஒவ்வொன்றின் வாயையும் அதன் காதிலேயே கட்டி
தன்னிடமே பேசவிட்டேன்.
'ஓலா' என்றால் 'ஓலா'. பழுதே இல்லை இரண்டிலும்.
நிரலை வரிவரியாகப் படித்தேன்.
என்னையே கொஞ்சம் திட்டிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அடுப்பருகே உட்கார வைத்தார்கள்.
அவள் மாத்தே ஊற்ற, அவர் ரொட்டியை நகர்த்தினார்.
நவம்பரில் செத்த குஞ்சுகளை என்னிடம் சொன்னார் அவர்.
எத்தனை தட்டு என்று என்னிடம் திருத்தினாள் அவள்.
கணக்கு என் முகத்தின் மேலேயே போய்வந்தது.
புகைக்க வெளியே போனேன், ஒரு சிகரெட் நேரம்.
திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன்:
இரண்டு பேரும் கெண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கெண்டி மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

மழையிலேயே நின்றேன்.

ஆளுக்கொரு அடாப்டர்.
ஆளுக்கொரு பூஜ்ஜியம்.
ஐந்து வோல்ட் என்கிறது இது. எதிலிருந்து ஐந்து?
அதன் தரை எங்கே என்று இதற்குத் தெரியாது.
இத்தனை நேரமும் இரண்டுக்கும் தரையாக இருந்தது
நடுவில் கிடந்த என் லேப்டாப்.

பச்சைக் கம்பி நாலு மீட்டர் வெட்டினேன்.
இங்கே கிரவுண்ட், அங்கே கிரவுண்ட்.
அந்தக் கம்பி எதையும் சொல்லாது.
யுஎஸ்பியை உருவினேன். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

"எதனால்?" என்று என்னிடம் கேட்டார் ரோசமேல்.
"எதனாலாம்?" என்று என்னிடம் கேட்டாள் எடெல்மிரா.
கம்பி விட்டுப்போயிருந்தது என்றேன்.
ரசீது ஒன்றுதான் எழுதினேன், கையெழுத்து இரண்டு.

அடுத்த செவ்வாய் நள்ளிரவில் போன் அடித்தது.
ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.
சூடு பதினாறு என்றது ஒரு குரல்,
பதினாறில்லை என்றது இன்னொன்று,
உனக்கென்ன தெரியும், நீ எப்போது பார்த்தாய்,
நீதான் பார்க்கவிடவில்லையே,
இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்று.
ஒரு வார்த்தை முழுசாக விளங்கவில்லை.

ஒவ்வொருவராகப் பேசுங்கள் என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
பிறகு போனை மேசைமேல் மெல்ல வைத்துவிட்டு
உலர்ந்த காலுறை தேடப் போனேன்.