கதவுக்காரி

பட்டியலில் என் எண் முப்பது.
ஆடிய நேரம் என்ற கட்டத்தில்
மூன்று நாளாக நான்கு சுழியங்கள்.
ஆனாலும் இந்த அரங்கில் என் கைக்கு ஓய்வில்லை.
மாற்று கோல்கீப்பர் என்றால் கதவுக்காரி என்று அர்த்தம்.

நாற்பது நொடிக்கு ஒருமுறை
மூச்சிரைக்க வருவார்கள்.
திற.
தோள்களிலிருந்து ஆவி எழும்.
மூடு.
லாஸ்மா தண்ணீர்க் குப்பியைக் கேட்காமலே பிடுங்குவாள்.
ரூத்தா ஒரு வசவோடுதான் உட்காருவாள்.
தைகா மட்டும் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்வாள்,
ஒரு ஆட்டத்துக்கு இருபத்தாறு நன்றி.
எண்ணிப் பார்க்க எனக்கு நேரமிருந்தது.

வென்ட்ஸ்பில்ஸில் ஏப்ரல்.
துறைமுகத்து நிலக்கரித் தூசியைக் கடற்காற்று வாரிவந்து
ஐந்து நாட்டுக் கொடிகளுக்கும் பாரபட்சமில்லாமல் பூசியது.
உள்ளே முந்நூறு பேர்,
அதில் பாதி, பள்ளியிலிருந்து வரிசையாக நடத்திவரப்பட்ட பிள்ளைகள்.
அஞ்சலகத்தில் சம்பளமில்லா விடுப்பு கேட்டபோது
மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.
"நாட்டுக்காகவா? டிவியில் வருமா?"
வராது.
"பிறகு எதற்கு?"
முத்திரை குத்தும் சத்தத்தில்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

மூன்றாம் நாள், கஜகஸ்தான்.
இரண்டுக்கு இரண்டு. இன்னும் ஆறு நிமிடம்.
எங்களவர்கள் மாற வந்தார்கள், திறந்தேன்.
வட்டு பலகையில் பட்டு எங்கள் பக்கமே திரும்பியது.
அதன் பின்னால் அவர்களுடைய பதினேழாம் எண்,
தலை குனிந்து, கண் முழுக்க வட்டில்,
கதவு விட்ட இடைவெளியை நோக்கி,
அந்த இடைவெளி முடிகிற இடத்தில்
விலா உயரத்துக்கு நிற்கும் இரும்பு விளிம்பை நோக்கி.

யோசித்துச் செய்தேன் என்றால் பொய்.
கதவு மூடியிருந்தது.
அவள் தோள் அதில் மோத, பெஞ்சு முழுதும் அதிர்ந்தது.
எழுந்தாள். போனாள்.
என் இடது மோதிர விரல்
கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்தது.

ரூத்தாவோ வெளியே.
அவளுக்குப் பதில் இறங்கியவளும் வெளியே.
பனியில் எங்களுக்கு ஒரு ஆள் அதிகம்.
விசில். இரண்டு நிமிடத் தண்டனை.
அந்த இரண்டு நிமிடத்தில் கோல் போட்டது யார் என்கிறீர்கள்?
பதினேழுதான்.
மேல் மூலையில், துடைத்து வைத்ததுபோல் அழகான கோல்.

"கதவை ஏன் மூடினாய்?"
பயிற்சியாளர் விஸ்மா கத்தவில்லை. அதுதான் கஷ்டம்.
கை வழுக்கிவிட்டது என்றேன்.
ரூத்தா அன்று வசவுகூடச் சொல்லவில்லை.
கையுறைக்குள் விரல்
தனியாக ஒரு இதயம் வைத்துக்கொண்டு துடித்தது.

இரவு, காப்பி இயந்திரத்தின் முன்னால்
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் ஈரத்தலையோடு ஒருத்தி.
தோளில் பனிக்கட்டி கட்டியிருந்ததால்தான் அடையாளம் தெரிந்தது.
எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி உண்டு.
அவள் பாட்டன்மாருக்கும் என் பாட்டன்மாருக்கும்
கேட்காமலே கொடுக்கப்பட்டது.
அதை யார் முதலில் எடுப்பது என்று
இருவரும் கொஞ்ச நேரம் காப்பியையே பார்த்தோம்.

பிறகு அவள் என் வீங்கிய விரலைப் பார்த்தாள்.
உள்ளங்கையை விசிறிபோல் வீசி
காற்றில் எதையோ சாத்தினாள்.
"எசிக்" என்றாள்.
"துர்விஸ்" என்றேன்.
அவரவர் வீட்டுச் சொல்.
நீயா என்று அவள் புருவம் கேட்டது.
நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.
என் காப்பிக்கு அவள் காசு போட்டாள்,
சர்க்கரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால்
இனிப்பாகவே குடித்தேன்.

நன்றி சொன்னாளா? இல்லை.
கோலுக்கு வருத்தப்பட்டாளா? ஏன் படவேண்டும்.
நான் அவளாக இருந்தாலும்
அதே மூலையில்தான் அடித்திருப்பேன்.

மறுநாள் ஸ்லொவேனியா.
கட்டுப் போட்ட விரலை யாரும் கேட்கவில்லை,
மூன்றாவது கட்டத்தில் ரூத்தா மட்டும்
வெகுநேரம் அதைப் பார்த்தாள்,
பிறகு வழக்கமான வசவைச் சொல்லிவிட்டு
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

சுழியங்கள் அப்படியே.
வலது கையால் திற.
மூடு.
தைகா, இருபத்தெட்டு.