மூணும் நாலும்

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்கு
ஒரு நாள் வாடகை எவ்வளவோ தெரியாது,
எனக்கு எழுநூறு. சாப்பாடு தனி.
புதுவயல் மில்லில் லீவு சொல்லிவிட்டு
நானும் லூர்துவும் வேனில் ஏறினோம்.
ஆளுக்கொரு கண்டாங்கி கொடுத்தார்கள்,
கொடுக்கும்போதே எண்ணிக்கொண்டு.

இரண்டாம் கட்டில், முற்றத்தைச் சுற்றி எழுபது பேர்.
நடுவில் கதாநாயகி, மடியில் வீணை.
தந்தியைத் தொட்டால் சத்தம் வராதபடி
அடியில் பஞ்சு வைத்திருந்தார்கள்.
எதிரே நெற்குப்பை சோலைமுத்துவின் உறுமி.
அதன் தோலிலும் துணி ஒட்டியாயிற்று.
"சும்மா தேய்ங்கண்ணே, பாட்டு பெட்டியிலேர்ந்து வரும்."
மஞ்சுவிரட்டுத் தொழுவில் மாடு மிரள அடித்த கை
காற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பெட்டி பாடியது.
முதலில் ஒரு பெண் குரல், சொல்லே இல்லாமல்,
பிழியாமல் கொடியில் போட்ட சேலைபோல
சொட்டிச் சொட்டி இறங்கியது.
கரகரப்பிரியா என்றான் பெட்டிக்காரப் பையன்.
பேரிலேயே தவிடு இருக்கே என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தக் குரல் மேலே போய் ஓர் இடத்தில் நிற்கும்.
நிற்கிற இடத்துக்குக் கீழே
உறுமி ஊர்ந்து வரும்,
கன்று போட்ட பசு
வேற்றாளைக் கண்டு தொண்டைக்குள் முனகுவதுபோல.
குரல் அதற்காக இறங்கவில்லை.
உறுமியும் ஏறிப் போகவில்லை.
ஆனால் அடுத்த மூச்சில் அதே பெண், அதே தொண்டை,
"தன்னானே" என்றாள்.
பட்டு ஜமக்காளம் விரித்த இடத்திலேயே
புழுதி கிளம்பியது.

அங்கேதான் நாங்கள் கை தட்ட வேண்டும்.
ஒன் டூ த்ரீ ஃபோர் என்று
உதவி இயக்குநர் விரலில் எண்ணிக் காட்டினார்.
எண்ணித் தட்டினோம்.
பாட்டு எங்களை விட்டுவிட்டு வேறு தெருவில் போனது.
மறுபடி. மறுபடி.
பதினோராவது டேக்கில்
வெயில் முற்றத்தைத் தாண்டித் தூணில் ஏறிவிட்டது.
யாரோ யாரையோ திட்டினார்கள், மைக்கிலேயே.

எனக்குக் காலில் தெரிந்துவிட்டிருந்தது.
எங்கள் மில் சல்லடை
குறுக்கே மூணு உதறும், நெடுக்கே நாலு.
எட்டு வருஷமாய் அந்த ஆட்டத்தின் மேல் நின்றுதான்
என் பேச்சு, என் கொட்டாவி,
இரண்டு பிள்ளைகளைச் சுமந்த மாசங்களும்.
லூர்துவின் விலாவில் இடித்தேன்.
"சல்லடைடி."
ஒரு சுற்று கேட்டாள்.
"அட ஆமாடி."

மூணும் நாலும். மூணும் நாலும்.
முதலில் எங்கள் நாலு கை.
பக்கத்தில் பள்ளத்தூர்க்காரிகள் பிடித்துக்கொண்டார்கள்.
பிறகு எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை.
கதாநாயகியின் தலைகூட
தானாக அசைந்தது என்றுதான் நினைக்கிறேன்.
சோலைமுத்து தேய்த்த தேய்ப்பில்
ஒட்டிய துணி பிய்ந்து வந்தது.
நிஜ உறுமி பெட்டி உறுமியோடு சேர்ந்து கத்தியது.
யாரும் கட் சொல்லவில்லை.
மிஸ்ர சாபு என்று முணுமுணுத்தான் அந்தப் பையன்.
சரி, அவர்கள் வீட்டில் அதற்கு அந்தப் பேர்.

படம் வந்ததும் காரைக்குடியில் பார்த்தோம்.
நாங்கள் தட்டின இடத்தில் தூண்களைக் காட்டினார்கள்,
பர்மாத் தேக்கு, வரிசையாக,
அப்புறம் ஒரு புறா.
ஓரத்தில் தெரிந்த முழங்கை தன்னுடையதென்று
லூர்து மாதா மேல் சத்தியம் செய்கிறாள்.

அன்றைக்கு எங்களுக்குப் போட்டது
நடுவில் ஒன்றரை நிமிஷம்தான்.
முழுப் பாட்டை அந்த இருட்டில்தான் கேட்டேன்.
கடைசியில் உறுமி ஓய்ந்துவிடுகிறது.
வீணை மட்டும் மூணையும் நாலையும் மெல்ல எண்ணி,
முடிகிற நாலில்
மூன்றோடு விரலை எடுத்துவிடுகிறது.

மிச்சம் ஒன்று அந்தரத்தில் நின்றது.
நானும் லூர்துவும் தட்டிவிட்டோம்.
முன் வரிசையில் ஒருவர்
திரும்பிப் பார்த்தார்.