வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஹோல்டர்னஸ் கரையில் கடல்
ஆண்டுக்கு ஆறடி நிலம் கேட்கிறது.
மனிதன் ஒரே முறை கேட்பதை
அது வருஷா வருஷம் கேட்கிறது.

களிமண் குன்றின் விளிம்புக்கும்
கார்பட் மாளிகையின் கீழ்ப்புறச் சுவருக்கும் நடுவே
இன்னும் பதினோரு அடி.
இரண்டு குளிர்காலம் என்று கணக்கிட்டு
அளவு நாடாவைச் சுருட்டுகிறாள் ஹில்டா மாக்சன்,
மாவட்ட மன்றத்தின் கட்டட ஆய்வாளர்.
காலுறை நனைந்துவிட்டது.

ஹல் நகரத்துப் பேருந்தில் அவள் படிப்பதெல்லாம்
இப்படிப்பட்ட வீடுகளின் கதைதான்.
பழைய புத்தகக் கடையில் ஆறு பென்ஸ்.
இடி, மெழுகுவர்த்தி, இரவு உடையில் ஓடும் பெண்,
அவள் முதுகுக்குப் பின்னே
விளக்கெரியும் ஒற்றைச் சன்னல்.
அட்டையில் எப்போதும் வீடு பெரிது, பெண் சிறிது.
பேய்கள் அத்தியாயத்துக்கு ஒருமுறை வந்துபோகும்;
சம்பளமில்லாமல்
முதல் பக்கத்திலிருந்து உழைப்பது வீடு.

லெனர்டு கார்பட் சாவிக்கொத்துடன் பின்னால் வருகிறார்.
கூடத்துச் சுவரில் கறுப்புப் பூஞ்சை.
"ஈரம்" என்கிறார்.
படியில் ஒரு பலகை
மிதிக்கும் முன்பே முனகுகிறது.
"ஈரம்."
தாத்தாவின் படம் இருந்த இடத்தில்
தாத்தாவின் அளவுக்கு ஒரு வெளுப்பு.
அதற்கும் ஈரம்தான்.

மாடி நடைவழியின் கோடியில்
கடல் பார்த்த அறை.
உப்புக் காற்றில்
இந்த வீட்டின் கீல் எல்லாம் துரு,
கொக்கி எல்லாம் துரு,
குளியல் தொட்டியின் சிங்கக் கால்களும் துரு.
இந்தக் கதவின் தாழ்ப்பாள் மட்டும்
நேற்று எண்ணெய் போட்டதுபோல் மினுங்குகிறது.
பித்தளை. எட்டு அங்குலம்.
வெளிப்பக்கம்.

"அக்காவின் அறை. ஐஸ்மே.
அவளுக்கு உடம்பு சரியில்லை."
"எப்போது?"
"எப்போதும்."

உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி.
சன்னல் விளிம்பில் வெள்ளை வண்ணம்
இரண்டே இடத்தில் தேய்ந்து மரம் தெரிகிறது.
ஹில்டா அங்கே போய்
தன் முழங்கைகளை ஊன்றிப் பார்க்கிறாள்.
பொருந்துகின்றன.
கடல் அப்போது எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்?
கணக்குப் போடத் தெரிந்தவள்,
போடவில்லை.

தமிழில் வீடு என்றால் விடுதலையும்தான்.
விடு என்ற சொல் நீண்டு வீடானது என்பார்கள்.
இந்த மாளிகைகளோ
விடாமல் பிடிப்பதற்கே எழுப்பியவை:
நிலம், பட்டம், பரம்பரைப் பெயர்,
அந்தப் பெயரைக் கெடுத்துவிடுவாளோ என்று
ஒரு பெண்.
மேசையில் பேசக்கூடாததை எல்லாம்
எங்காவது வைத்தாக வேண்டுமே,
அதற்குத்தான் ஆறு பேருக்கு முப்பது அறை.
பேசாதவர் செத்த பிறகு
சுவர் பேசத் தொடங்குகிறது.
அதை இருட்டில் எழுதினால்
திகில் கதை என்று பெயர்.
பகலில் எழுதினால் ஆய்வறிக்கை.

வெளியே வந்ததும் லெனர்டு
தாழ்ப்பாளைப் போடுகிறார்.
கை என்ன செய்கிறதென்று முகத்துக்குத் தெரியவில்லை.
ஐஸ்மே போய் பத்தொன்பது ஆண்டு.
எண்ணெய் யாருக்காக என்று
ஹில்டா கேட்கவில்லை;
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"கடல் பக்கம் குடியிருக்கத் தகுதியற்றது" என்று எழுதி
கையெழுத்திட்டாள்.
அன்று மாலைப் பேருந்தில்
புத்தகத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

பிப்ரவரியில், அவள் கணக்குக்குக் காத்திராமல்,
ஒரே இரவில் இறங்கியது குன்று.

காலையில் போனபோது
மாடி நடைவழி ஆகாயத்தில் முடிந்திருந்தது.
கட்டில் இல்லை, சன்னல் இல்லை,
இரண்டு தேய்மானங்களும் இல்லை.
நிலைச்சட்டத்தோடு கதவு மட்டும் நின்றது,
பின்னால் கடற்புறாக்கள் பறக்க,
தாழிட்டபடி.

தோட்டத்தில் தொப்பியில்லாமல் நின்றிருந்தார் லெனர்டு.
அண்ணாந்து பார்த்தபடி,
"இனித் திறக்கலாமா?" என்றார்.

யாரிடம் என்று தெரியவில்லை.