முறைத் தண்ணீர்

ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு.
வடக்கு வாய்க்கால் மதகுக்கு லஸ்கர்
கலியமூர்த்தி, த/பெ ராமையன்
என்றுதான் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.
மதகைத் திருகுகிறவள் நான்.

இரவு பத்தரைக்கு நீடாமங்கலத்திலிருந்து போன் வரும்.
"இன்னும் நாலு இஞ்ச் தூக்கச் சொல்லும்மா."
"குளிக்கிறாரு சார், வந்ததும் சொல்றேன்."
பத்து வருஷமாக நீ
இரவு பத்தரைக்குக் குளிக்கிறாய்.
இந்த ஜில்லாவிலேயே
சுத்தமான மனுஷன் நீதான்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு திருகுவேன்.
நைட்டியெல்லாம் கிரீஸ்.
பதினோரு சுற்றுக்கு ஒரு இஞ்ச்.
அடியில் தண்ணீர் முதலில் முனகும்,
பிறகு பேச ஆரம்பிக்கும்.
கரையில் நின்று பூவிழி எண்ணுவாள்.
பதினோராம் வாய்ப்பாடு அவளுக்கு வந்தது அப்படித்தான்.

வேறு கணக்கும் அவளுக்குத் தெரியும்.
உன் டிவிஎஸ்ஸின் ஸ்டாண்டு
ஒரே உதையில் நின்றால் புத்தகத்தை மூடமாட்டாள்.
மூன்றாவது உதை கேட்டால்
தம்பியை எழுப்பிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள்,
அவன் செருப்பையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.
பதின்மூன்று வயது.
யாரும் சொல்லித்தரவில்லை.

தம்பி உன் காலி பாட்டில்களைக்
கடையில் திருப்பிக் கொடுத்து
பத்துப் பத்தாகச் சேர்த்து
ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினான்.
அப்பா வாங்கித் தந்தது என்று வகுப்பில் சொன்னானாம்.
அதைப் பொய் என்று நான் எப்படிச் சொல்ல?

நீயும் பொய்யன் இல்லை.
எனக்குப் புரியாமல் போனது அதுதான்.
விடிகாலையில் பிள்ளைகள் தலையில் அடித்து நீ செய்வது
சத்தியமான சத்தியம்.
பத்து மணிக்கு விரல் நடுங்கத் தொடங்கும்,
சட்டைப் பொத்தான் துளையைத் தேடி அலையும்.
பதினொன்றரைக்கு நீ பேசுவது காதில் விழும்,
பேசுகிற ஆள் அங்கே இருக்கமாட்டான்.
பன்னிரண்டுக்கு ஒரு ஷட்டர் திறக்கும்.
அந்த ஷட்டருக்கு மட்டும்
நீ ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை.

சம்பளம் தலைப்பில் விழுந்து
கடைக்காரன் மடை, வட்டிக்காரன் மடை,
உன்னோடு குடிக்கிறவன் மடை என்று பாய்ந்து
எங்களுக்கு வரும்போது கால் நனையாது.
தண்ணீர் வரவில்லை என்று
கோட்டகத்து ஆட்கள் வந்து கத்திவிட்டுப் போவார்கள்.
நாங்கள் யாரிடம் போய்க் கத்த?

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னாள்,
"கொழுப்பு இல்லம்மா இது, வியாதி."
"வியாதின்னா எந்தோட்டை ஏன் தேடுது?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"அவருக்கு மாத்திரை எழுதியிருக்கேன்.
உங்களுக்கு ஒண்ணு சொல்றேன்.
அவரு வேலையை நீங்க பாக்காதீங்க."
மதகைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை.

ஆறு நாள் அடைப்பு.
ஏழாம் நாள் திறந்துகொண்டது.

நேற்று ஐப்பசி மழை.
போன் வந்தது. "மேலேர்ந்து தண்ணி கூட வருது,
உடனே எட்டு இஞ்ச் இறக்கச் சொல்லு."
நீ வாசற்படியில் பாதி, மழையில் பாதி கிடந்தாய்.
குளிக்கிறார் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்,
நனைந்துகொண்டுதானே இருந்தாய்.
"குடிச்சிட்டுக் கெடக்காரு சார்.
வேற ஆளை அனுப்புங்க."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
"எவ்வளவு நாளாம்மா?"
விரலை மடக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தெற்கு மதகு லஸ்கர் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தார்.
நான் போகவில்லை.
கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.
நாளைக்கு மெமோ வரும்.
வாங்கி வைப்பேன். படித்துக் காட்டமாட்டேன்.

இருட்டில் பூவிழி குரல்:
"அம்மா, எம்பத்தேழுதான் சுத்துனாரு.
ஒண்ணு கொறையுது.
போய்ச் சொல்லட்டுமா?"

வேண்டாம். படு.