ஏழாம் இணைப்பு

மொன்ட்ரியாலில் ஞாயிறு மாலை நான்கு.
வான்கூவரில் இப்போதுதான் ஒன்று,
மதியத் தட்டு இன்னும் மேசையில்.
நியூஃபவுண்ட்லாந்தில் ஐந்தரை.
அந்த அரை மணியை
அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆறு கடிகாரம் கொண்ட நாட்டுக்கு
வாரம் ஒரு கேள்வி.
இந்த வாரம்:
எண்பது தாண்டியவர்கள்
மறுபடி ஓட்டிக் காட்டினால்தான்
உரிமமா?

நிகழ்ச்சிக்கு வயது முப்பத்தொன்று.
அதில் பதினேழு வருஷம் என் காது.
என் குரல் ஒருநாளும் வானலை ஏறியதில்லை.
முதலில் எடுப்பவள் நான்.
பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா.
திரையில் இரண்டே கட்டம்.
குடித்தவரை மெல்ல இறக்கிவிடுவேன்.
பிரதமரைத் திட்ட வந்தவரிடம்
அது போன வாரம் என்பேன்.

நாலு பத்துக்கு
டோரீன் கோவல்ச்சுக்,
கனோராவுக்கு வெளியே, சஸ்காச்சுவான்.
"எதிர்ப்புன்னு போடு, பெரிய எழுத்துல.
எண்பத்து மூணு வயசு,
அறுபத்தாறு வருஷமா ஓட்டுறேன்.
தானிய லாரி, பள்ளிக்கூட பஸ், எல்லாம்."
போட்டேன்.
ஏழாம் இணைப்பு. காத்திருங்கள்.

காத்திருப்பவர்களுக்குத் தொலைபேசியில்
நிகழ்ச்சி கேட்கும்.
எனக்கு அவர்கள் வீடு கேட்கும்.
ஏழில் ஒரு கெட்டில் கூவி அடங்கியது.
நாற்காலி இழுபட்டது.
காகிதத்தைப் பார்த்து, அடிக்குரலில், ஒத்திகை.
ஒயிட்ஹார்ஸ் டாக்ஸிக்காரர் பேசியபோது
"பொய்" என்றார் அடுப்பிடம்.
அப்பாவின் சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்த
ஹாலிஃபாக்ஸ் மகள் பேசியபோது
கரண்டி ஒன்று விழுந்தது,
அல்லது எறியப்பட்டது.

பிறகு கார்னர் புரூக், கிளைட் பார்டி.
பனி வழிக்கும் வண்டி ஓட்டுபவர்.
அவருக்குக் கருத்தென்று ஒன்றுமில்லை,
எப்படி உள்ளே விட்டேனோ.
விடிகாலையில் தெரு தெருவாகப் போகையில்
சாய்ந்து கிடக்கும் தபால் பெட்டிகளை
எண்ணிக்கொண்டே போவாராம்.
"கேட்டா எல்லாரும் மான்னு சொல்றாங்க.
மான் இடிச்சா
பெயின்ட் ஒட்டாதுங்க."
நெறியாளர் சிரித்தார். நாடும் சிரித்திருக்கும்.

ஏழில் சத்தம் நின்றுபோனது.

ஐந்து முப்பத்தெட்டு.
"டோரீன், கனோராவிலிருந்து. நீங்கள் எதிர்ப்பு, இல்லையா?"
"எதிர்க்கத்தான் கூப்பிட்டேன்.
ரெண்டு பக்கம் எழுதியும் வச்சிருக்கேன்.
நவம்பர்ல
என் பையன்கிட்ட மான்னு சொன்னேன்.
லெஷ்சுக் வீட்டுப் பெட்டி அது.
பச்சை.
சோதனை வைங்க. முதல்ல எனக்கு வைங்க."

நான்கு நொடி.
வானொலியில் நான்கு நொடி ஓர் ஏரி.
ஒலிப்பொறியாளர் கையை எடுத்துவிட்டு
கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்,
கம்பி அறுந்ததா என்று.
நெறியாளருக்குச் சண்டை தெரியும்,
அழுகை வந்தால் எவ்வளவு நேரம் விடலாம் என்பதும் தெரியும்.
மனம் மாறி வந்தவருக்கு
அவரிடம் வாக்கியமில்லை.
நன்றி டோரீன் என்றார்.
அடுத்து கெலோனா. அது
ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தது.

என் திரையில் டோரீன்
எதிர்ப்புக் கட்டத்திலேயே, பெரிய எழுத்தில்.

ஆறு மணிச் செய்தி தொடங்கியும்
ஏழாம் விளக்கு அணையவில்லை.
"யாராவது இருக்கீங்களா?"
நான்தான், முதலில் எடுத்தவள்.
"அப்போ நீயே சொல்லு.
மளிகைக்கடை இங்கேர்ந்து பதினாலு கிலோமீட்டர்.
பஸ்ஸை நிறுத்தி வருஷக் கணக்காச்சு.
வர்ற செவ்வாய்க்கிழமை
நான் எப்படிப் போறது?"

என் காலுக்கடியில் மெட்ரோ ஒன்று கடந்தது,
மேசை லேசாய் அதிர்ந்தது.
ஆறு நிமிஷத்தில் இன்னொன்று வரும்.
பெயர் இருந்தது, ஊர் இருந்தது.
விசைப்பலகை மேல் விரல்கள் அப்படியே.
அந்தப் பக்கம்
கெட்டில் மறுபடி கூவத் தொடங்கியது.
யாரும் போய் இறக்கவில்லை.