குறிப்பு நிரல்

நாவற்குழிக்கு அப்பால், உவர்க்காற்று முதலில் அடிக்கிற இடத்தில்
பம்பு வீடு.
கூரை பாதி ஓடு, பாதி தகரம்.
உள்ளே லிஸ்டர் எஞ்சின்
சேற்றில் படுத்த எருமைபோல் எழும்பவே எழும்பாது.
தொட்டால் இன்னும் கையில் எண்ணெய் பிரளும்.

என் வேலை லேசு.
காலை ஆறு, மாலை ஆறு:
கடல்பக்கம் எவ்வளவு, வயல்பக்கம் எவ்வளவு,
கதவு எத்தனை மேலே.
கடைசி நிரல், குறிப்பு.
அதில் நான் எழுதுவது
"ஒன்றுமில்லை."

இந்த நிலம் கடலிடம் கைமாற்றாய் வாங்கியது.
ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை.
உறுதி முடித்து, வேலி அடைத்து,
எல்லைக்கு வழக்கும் பேசியாயிற்று.
கடல் மட்டும்
பலகை இடுக்கால் விரல் விட்டு
வட்டி எண்ணிக்கொண்டு போகிறது.

மார்கழியில் இரண்டு பேர் வருவார்கள்.
திற, இறால் உள்ளே வரட்டும் என்பார் எமிலியானுஸ்.
திறந்தால் என் கதிர் முழுக்கப் பொக்கு என்பாள் பூரணம்.
என் பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்துவிட்டு
ஒருவர் முகம் ஒருவர் பாராமல் போவார்கள்.

போன கிழமை அலுமாரி ஒதுக்கினேன்.
கறையான் மிச்சம் விட்ட கொப்பி.
சி. அருளப்பு, கதவுக் காவல்.
தொண்ணூற்றைந்து, ஒக்டோபர் முப்பது:
"கடல் 2 அடி 7. வயல் 3 அடி 1.
மழை. பாலத்தில் சனம், விடிய விடிய.
கதவு பதினொன்று இறுகிவிட்டது.
நாளை பார்க்கவேண்டும்."

பிறகு வெறுந்தாள்.
அடுத்த மாதம் முழுக்கத்
திகதிகளை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்,
ஸ்கேலால் கோடு இழுத்து.

பாலைமரப் பலகைகள்
எந்தப் பதுங்குகுழிக்குக் கூரையானதோ.
கடல் கேட்டுக் கேளாமல் வந்து போயிருக்கிறது.
பூரணத்தின் காணியில் ஒரு பரப்பு
இன்றைக்கும் வெள்ளை.
அதில் அவள் விதைப்பதில்லை,
வேலியும் பிரிப்பதில்லை.

நேற்று இரவு நல்ல மழை.
வயல் 3 அடி 1.
பதினொன்று இப்போது இரும்புக் கதவு,
அதுவும் இறுகித்தான் நின்றது.
உப்புப் பார்க்க மீற்றர் தந்திருக்கிறார்கள்;
நான் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன்.
பிறகு போன் எடுத்தேன், இரண்டு பேருக்கும்.

சுழற்றும் கம்பியின் ஒரு முனையில் எமிலியானுஸ்,
மறு முனையில் பூரணம், சீலையை முழங்காலுக்குச் சொருகி.
"தள்ளுங்கோ" என்றாள்.
அவர்கள் பேசியது அது ஒன்றுதான்.
துரு கத்தியது. பம்பு வீட்டுப் புறா எல்லாம் பறந்தது.

நான் அருளப்புவின் கொப்பியை எடுத்து
ஒக்டோபர் முப்பத்தொன்றுக்கு நேரே எழுதினேன்:
"பார்த்தது. அரை அங்குலம்.
கிரீஸ் வேணும்."